பூனைகளுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை

பூனைகளுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை என்பது, பெட்டைப் பூனையின் சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும், கடுவன் பூனையின் விதைகளையும் மயக்க நிலையில் அகற்றி, இனப்பெருக்கத்தை நிரந்தரமாக நிறுத்தும் முறையாகும்.

தேவை

பெட்டைப் பூனை ஆறு மாத வயதையொட்டிப் பருவத்துக்கு வருகிறது. சில பூனைகள் நான்காம் மாதத்திலேயே வருவதுண்டு. சினைக்காலம் 63 முதல் 65 நாள்கள். ஓர் ஈற்றில் சராசரியாக நான்கு குட்டிகள் பிறக்கின்றன. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் காலத்திலேயே தாய் மீண்டும் சினையாகலாம். பூனையின் பருவம் பகல் நேரத்தின் நீளத்தைச் சார்ந்தது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் அது அடங்கிவிடும். மதுரை போன்ற வெப்பப் பகுதிகளில் பகல் நீளம் அதிகம் மாறாததால் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி ஈனலாம். வளர்க்க ஆளில்லாமல் தெருவில் விடப்படும் பால்குடிக் குட்டிகள் பிழைப்பது அரிது.

வசதிகள்

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களுக்காக வகுக்கப்பட்டவை. அவற்றுக்கு மாற்றாக 2023இல் புதிய விதிகள் வந்தன. உள்ளாட்சிகளின் கருத்தடைத் திட்டங்கள் பெரும்பாலும் தெருநாய்களையே மையமாகக் கொண்டிருப்பதால், பூனைக்கான முயற்சியும் செலவும் வளர்ப்பவரைச் சார்ந்தே அமைகின்றன. மதுரையில் தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனையும், திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் உள்ளன. சிகிச்சை நாளையும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

குறைந்த செலவும் பாதுகாப்பும்

ஒரே நாளில் பல விலங்குகளுக்குச் சிகிச்சை செய்வது, சிறிய வெட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்புவது, நன்கொடை அல்லது அரசு உதவி ஆகியவற்றால் கட்டணம் குறைகிறது. ஆனால் எடை பார்த்து மயக்க மருந்தின் அளவைக் கணக்கிடுதல், கிருமி நீக்கிய கருவிகள், வலி நிவாரணி ஆகிய மூன்றையும் குறைத்துச் சிக்கனம் செய்யக் கூடாது. வளர்ந்த பூனைக்குச் சிகிச்சைக்கு முன் சில மணி நேரம் உணவு நிறுத்தப்படும். சிறு குட்டிகளை அதிக நேரம் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை குறைந்துவிடும்.

பின்கவனிப்பு

மயக்கம் தெளியும் வரை பூனையின் உடல் வெப்பம் குறையும் என்பதால் அதைத் துணி விரித்த கூடையில், உயரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தையலை நக்காதிருக்கக் கழுத்துப்பட்டை உதவும். வெளித்தையல் 10 முதல் 14 நாள்களில் பிரிக்கப்படும். வீக்கம், சீழ், ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் நஞ்சு.

கடுவன் பூனை சிகிச்சைக்குப் பின்னும் சில வாரங்கள் வரை பெட்டையைச் சினையாக்கக்கூடும். அதுவரை பிரித்து வைக்க வேண்டும்.

பயன்கள்

பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து பெரும்பாலும் நீங்குகிறது. ஆறு மாதத்துக்குள் சிகிச்சை பெற்ற பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடு குறைவு என 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கடுவன் ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுக் காயப்படுவதும், சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். உணவுத் தேவையும் குறைவதால், அளவைக் குறைக்காவிட்டால் உடல் பருக்கும்.