மஞ்சள் தண்ணி சிவந்த மாயம்!

லீவு விட்டாச்சு. 'போரடிக்குதும்மா' என்று வாண்டு முந்தானையைப் பிடித்து இழுக்கிறதா? செல்போனைக் கையில் கொடுத்துத் தப்பிக்காதீர்கள். சமையலறைக்குக் கூப்பிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி போதும்.

இலுப்பூர் பக்கம் ஆரத்தி கரைக்காத வீடு உண்டா? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாகுமே, அது பக்கா கெமிஸ்ட்ரி! மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். (மிளகாய்க் காரம் இல்லீங்க; சுண்ணாம்பு, சோப்பு மாதிரியான காரம்.) சட்டையில் கொட்டிய சாம்பார், துணி சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அதுவும் இதே கதைதான். அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். மஞ்சள் திரும்பி வந்துவிடும். குழந்தையின் கண் விரிவதைப் பார்க்கணுமே!

ஆனால் ஒன்று. பிள்ளைகள் செய்யும்போது சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அமுக்க, அது பீய்ச்சியடித்துக் கண்ணில் விழும் விபத்து நம் நாட்டுக் கண் டாக்டர்களுக்குப் புதிதல்ல. சுண்ணாம்பு கருவிழியையே அரித்து, பார்வையைப் பறித்துவிடும். அப்படி நேர்ந்தால் கசக்க விடாதீர்கள். தாய்ப்பால், எண்ணெய் என்று கைவைத்தியம் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிஷம் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு ஒரு நொடி தாமதிக்காமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் விளையாட்டுக்கு, துணி சோப்பைக் கரைத்த தண்ணீரே தாராளம். அதுவும் கண்ணில் படாமல்தான்.

அடுத்து, சிவப்புச் செம்பருத்தி. நாலு பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து (இது அம்மா வேலை), ஆறியதும் இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு: பளிச்சென்று சிவக்கும். மற்றதில் ஆப்பசோடா: பச்சையாகும்! 1664-ல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி, வயலட் பூச்சாற்றை வைத்து இதையேதான் எழுதி வைத்தார். நமக்குக் கொல்லைச் செம்பருத்தி இருக்கிறது.

வெள்ளைச் சாமந்தியின் காம்பைச் சாய்வாக நறுக்கி, கலர் தண்ணீரில் ராத்திரி வைத்தால், காலையில் இதழ் ஓரங்களில் கலர் ஏறியிருக்கும். காம்பிலுள்ள நுண்குழாய்கள் தண்ணீரை உறிஞ்சும் வேலை இது. கலருக்குக் கேசரிப் பவுடர் போதும். சாயப்பட்டறைப் பொடி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. துணிக்குப் போடும் ரோடமைன்-பி கலந்திருந்ததால்தானே 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது!

எந்தக் கலர் தண்ணீரையும் ருசி பார்க்க விடாதீர்கள். தவழும் குழந்தை இருந்தால், முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். அரை பக்கெட் தண்ணீரே ஆபத்து.

இன்னும் ஆசை தீரவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் கூட்டிப் போங்கள். குகைக்கோயில் விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை... சுமார் 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். காவி மண், கரி, சுண்ணாம்பு என்று மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்கள். திரும்பி வந்ததும் கடையில் ஒரு காவிக்கட்டி வாங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, திண்ணையில் வரையச் சொல்லுங்கள். பழைய சட்டை போட்டுவிட மறந்துடாதீங்க!