கொடுக்கு முளைத்த தேனீ

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. நாள்தோறும் பாடம் நடத்தும் பேராசிரியர்களேயன்றி, வெளியிலிருந்தும் ஓவியர், எழுத்தாளர், திரைப்படக் கலைஞர் எனப் பலரை விருந்தினராக அழைத்து, மாலை வேளையில் ஓர் அரங்கில் பேசச் செய்வர். மாணவர் மட்டுமின்றி ஊராரும் வந்து அமர்வதுண்டு. பேச்சு முடிந்ததும் எழுந்து வினாத் தொடுப்பர். கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழக மேடைகளில் இவ்வாறு பேச வந்த கலைஞர் சிலர் எடுத்துக்கொண்ட பொருள் நமக்கு வியப்பளிப்பது. வண்ணக் கலவையைப் பற்றியோ, சிற்ப நுணுக்கத்தைப் பற்றியோ அவர்கள் பேசவில்லை. வானத்திலிருந்து வேவு பார்க்கும் கண்ணைப் பற்றியும், அந்தக் கண்ணின் பின்னே வரும் ஏவுகணையைப் பற்றியும் பேசினர்.

ஓவியனுக்கும் போருக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து அத்தகைய பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அவர்கள் அங்கே கேட்கும் பேச்சுகள் எத்தகையவை என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நன்று என்பதனாலேயே இதனைச் சற்று விரித்துரைக்க முற்பட்டோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆளில்லா விமானத்தை ஆங்கிலத்தில் 'டிரோன்' என்பர். அச்சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1930-களில் பிரிட்டிஷார், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக, வானொலி அலைகளால் இயங்கும் விமானம் ஒன்றை அமைத்து அதற்கு 'ராணித் தேனீ' என்று பெயரிட்டனர். அதையொட்டியே டிரோன் என்னும் பெயர் பிறந்தது என்பர். தேனீ வளர்ப்போர் ஒன்றை அறிவர்: ஆண் தேனீக்குக் கொடுக்குக் கிடையாது. ஆனால் கண்கள் மட்டும், உழைக்கும் தேனீயின் கண்களைவிட மிகப் பெரியவை. தொடக்கத்தில் இந்த விமானமும் அப்படித்தான் இருந்தது. 1995-ல் பால்கன் நாடுகளின் மேல் பறந்த 'பிரிடேட்டர்' வெறும் கண்ணாகவே பறந்தது. பார்த்தது, படம் அனுப்பியது, திரும்பியது. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான் போர் மூண்டபோதுதான் அதற்குக் கொடுக்கு முளைத்தது. அதன் இறக்கையின்கீழ் பொருத்திய ஏவுகணைக்கு 'ஹெல்ஃபயர்', அதாவது நரக நெருப்பு, என்று பெயர். பெயர் சூட்டியவருக்குச் சிறு வயதில் படித்த மறைக்கல்வி நினைவில் இருந்தது போலும்!

'ஆளில்லா' என்பதும் முழு உண்மையன்று. விமானத்தில்தான் ஆள் இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், சூதாட்டத்துக்குப் பெயர்போன லாஸ் வேகாஸ் நகருக்கு வடமேற்கே, பாலைவனத்தின் நடுவே கிரீச் விமானப்படைத் தளம் உள்ளது. அங்கே ஓர் அடைத்த அறையில் விமானத்தைச் செலுத்துபவர் ஒருவரும், அதன் கேமராவை இயக்குபவர் ஒருவரும் அருகருகே அமர்ந்திருப்பர். உலகின் மறுபாதியில் நடப்பதெல்லாம் துணைக்கோள் வழியாகத் திரையில் தெரியும். ஒருவன் வீட்டு வாசலில் அமர்ந்து தேநீர் அருந்துவதை, அவன் பிள்ளைகள் ஓடியாடுவதை நாட்கணக்கில் பார்த்திருப்பர். ஆணை வந்ததும் பொத்தானை அழுத்துவர். பணிநேரம் முடிந்ததும் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பி, மனைவி மக்களோடு இரவு உணவுக்கு அமர்வர். போர்க்களத்துக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணந்தான்! பழங்காலப் போர்வீரனுக்குக் களத்திலிருந்து வீடு திரும்பும் நெடும்பயணமாவது மனத்தை ஆற்றிக்கொள்ள வாய்த்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்தப் பணியைச் செய்த ஒருவரை லாஸ் வேகாஸ் விடுதியொன்றில் சந்தித்துப் பேசி, அதனை அடிப்படையாகக் கொண்டு ஓமர் ஃபாஸ்ட் என்னும் கலைஞர் 2011-ல் ஒரு குறும்படம் எடுத்தார். 'ஐயாயிரம் அடியே மிகச் சிறந்தது' என்பது அதன் பெயர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் கீழே உள்ள மனிதன் நன்றாகத் தெரிவானாம்.

தெரிவான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் யார் என்பது விளங்குமா? நம் கட்டுரையின் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

விளங்கும் என்று உறுதியாகச் சொன்ன பேச்சு ஒன்றும் ஒரு பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்தது. 2013 மே 23-ஆம் நாள் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, வாஷிங்டனிலுள்ள தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். பொதுமக்கள் எவரும் இறக்கவோ காயமுறவோ மாட்டார்கள் என்பது ஏறக்குறைய உறுதிப்பட்ட பின்னரே தாக்குதல் நடத்தப்படும் என்றார். அவையிலிருந்த ஒரு பெண்மணி எழுந்து பலமுறை குறுக்கிட்டார். காவலர்கள் அவரை வெளியேற்றினர். அதிபரோ, அந்தப் பெண்ணின் குரல் செவிமடுக்கத் தக்கது என்று அவையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். அவருடைய வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நகரங்களை முழுமையாக எரித்த குண்டுவீச்சோடு ஒப்பிட்டால், ஒரே வீட்டைக் குறிவைக்கும் ஏவுகணை குறைவான உயிர்களையே கொள்ளும். ஆயின், 'குறைவு' என்னும் சொல் இறந்தவரின் வீட்டு முற்றத்தில் நிற்கையில் என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2012 அக்டோபர் 24 அன்று, பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில் முதியவள் ஒருத்தி தன் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். வானிலிருந்து வந்த ஏவுகணை அவளைப் பேரப்பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே கொன்றது. பிள்ளைகளும் காயமுற்றனர். மறு ஆண்டு அக்டோபரில் பள்ளி ஆசிரியரான அவளுடைய மகன், காயமுற்ற தன் பிள்ளைகள் இருவரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர்கள்முன் சாட்சி சொல்லச் செய்தார். நீலவானம் தனக்கு இப்போது பிடிப்பதில்லை, வானம் மேகமூட்டமாக இருந்தால்தான் டிரோன்கள் பறப்பதில்லை என்ற கருத்தில் அச்சிறுவன் பேசினான். கேட்க வந்திருந்த உறுப்பினர்கள் ஐந்தே பேர்.

இன்னொன்று காபூல் நகரில் நடந்தது. 2021 ஆகஸ்ட் 29. ஒரு வெள்ளைக் காரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் வானத்துக் கண் பின்தொடர்ந்தது. காரோட்டி ஏற்றி இறக்கிய கலன்களை வெடிபொருள் என்று முடிவுகட்டினர். அவர் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் தாக்கினர். பத்துப் பேர் இறந்தனர். அவர்களுள் ஏழு பேர் குழந்தைகள். காரோட்டி, ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். கலன்களில் இருந்தது வீட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீர். செப்டம்பர் 17 அன்று அமெரிக்கப் படைத்தலைமை தவற்றை ஒப்புக்கொண்டது. கருவியின் பார்வையில் குறையில்லை. எட்டு மணி நேரமும் தெளிவாகத்தான் பார்த்தது. தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை, அவ்வளவே.

2009 முதல் 2015 வரை, போர்க்களம் என அறிவிக்கப்படாத இடங்களில் நடத்திய 473 தாக்குதல்களில் 64 முதல் 116 வரையிலான போரிடாத மக்கள் இறந்ததாக ஒபாமா அரசு 2016-ல் வெளியிட்டது. வெளியிலிருந்து கணக்கெடுத்தோர் கூறும் தொகை இதனினும் பன்மடங்கு அதிகம்.

இந்த இடத்தில்தான் கலைஞர் வருகிறார். வஃபா பிலால் ஈராக்கில் பிறந்தவர். சதாம் உசேன் ஆட்சியிலிருந்து தப்பி 1992-ல் அமெரிக்கா சேர்ந்து, அங்கேயே படித்து ஆசிரியரானவர். 2004-ல் ஈராக்கிலிருந்த அவருடைய உடன்பிறந்தார் அமெரிக்கத் தாக்குதலில் மாண்டார். சிறிது காலத்தில் தந்தையும் போய்ச் சேர்ந்தார். அதன் பின்னர் ஒரு நாள் பிலால் தொலைக்காட்சியில் ஒரு பேட்டி கண்டார். அமெரிக்காவில் ஓர் அறையில் அமர்ந்து ஈராக்கின்மீது தாக்குதல் நடத்தும் இளம் படைப்பணியாளரின் பேட்டி அது. தன் உடன்பிறந்தாரின் உயிரும் இப்படியொரு பொத்தானில்தான் போயிற்றோ என்ற எண்ணம் அவரை உறங்க விடவில்லை.

2007-ல் சிகாகோ நகரின் கலைக்கூடம் ஒன்றில், ஓர் அறைக்குள் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு ஒரு மாதம் வாழ்ந்தார். கட்டில், மேசை, ஒரு விளக்கு. அவற்றுக்கு எதிரே, மஞ்சள் வண்ண உருண்டைகளைச் சுடும் துப்பாக்கி ஒன்று. அந்தத் துப்பாக்கி இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் திரையில் அவரைப் பார்த்துக் குறிவைத்துச் சுடலாம். இரவென்றும் பகலென்றும் இல்லை. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறுபதினாயிரத்துக்கும் மேல் சுட்டனர். சுட்டவர்களில் பெரும்பாலோர் அவருக்கு எவ்விதப் பகைவரும் அல்லர். கருவி கையில் கிடைத்தது, எதிரே ஒருவன் இருந்தான், தம்மை அவன் பார்க்க இயலாது. அவ்வளவு போதுமானதாக இருந்தது. வண்ண உருண்டைதானே என்று எண்ண வேண்டா. அருகிலிருந்து பட்டால் உடல் கன்றிப்போகும். உறக்கமின்றி மனமும் உடைந்தது.

எனினும் நம் நெஞ்சைத் தொட்ட செய்தி வேறு. முன்பின் அறியாத சிலர் இணையத்திலேயே ஒன்றுகூடி, முறைவைத்துக் கண்விழித்து, அந்தத் துப்பாக்கியின் முகத்தை அவர்பக்கம் திரும்பவிடாமல் ஓயாது வேறு பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தனராம். சுடுவதற்கென்று வைத்த அதே கருவியைக்கொண்டே காத்தனர்.

அசன் இலாகி என்பவர் செய்ததோ சிரிப்பும் சிந்தனையும் ஒருங்கே தருவது. வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கலைப் பேராசிரியர் இவர். 2002-ல் வெளிநாட்டிலிருந்து திரும்புகையில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் இவரைத் தடுத்து நிறுத்தினர். வெடிபொருள் பதுக்கினார் என்ற பொய்த்தகவல் ஒன்றை நம்பி, எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையினர் ஆறு மாதம் விசாரித்தனர். பொய்யறியும் கருவியும் வைத்துப் பார்த்தனர். குற்றம் ஏதுமில்லை என்று விட்டுவிட்டனர். இவர் என்ன செய்தார்? "என்னைத்தானே பார்க்க வேண்டும், முழுதும் பாருங்கள்" என்பதுபோல, தாம் இருக்கும் இடம், உண்ட உணவு, உறங்கிய கட்டில், ஏன், சென்ற கழிப்பறை வரை படமெடுத்துப் பல்லாயிரக்கணக்கில் இணையத்தில் வெளியிட்டுவந்தார். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் வேவுகாரனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவருடைய கணக்கு. பல்கலைக்கழக மேடைகளில் இக்கதையை அவர் சொல்லும்போது அரங்கம் சிரிக்கும்.

திரைப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸ், 2016-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இன்னொரு வழி கண்டார். பார்வையாளர் இருட்டறையில் ஒரு மேடைமீது மல்லாந்து படுக்க வேண்டும். மேலே ஏமன், சோமாலியா, பாகிஸ்தான் நாடுகளின் இரவு வானம் திரையில் விரியும். விண்மீன்கள் அழகாகத்தான் இருக்கும். எழுந்து நடந்து கண்காட்சியின் பிற்பகுதிக்கு வந்தால், தாம் படுத்துக் கிடந்ததை மேலிருந்து ஒரு கேமரா இருளிலும் படம் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவரும்.

இப்பேச்சுகளும் காட்சிகளும் மாணவரிடையே வெறும் வியப்போடு நின்றுவிட்டதாகத் தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தின் பார்டு கல்லூரியில் 2012-ல் மாணவர்களே முன்னின்று டிரோன் பற்றிய ஆய்வு நடுவம் ஒன்றைத் தொடங்கினர். 2020 வரை அது செயற்பட்டது. போரையும் சட்டத்தையும் மட்டுமன்றி இத்தகைய கலைப் படைப்புகளையும் அங்கே ஆராய்ந்தனர்.

பிலாலின் கதையில் இன்னும் ஒரு கிளை உண்டு. 2010-ல் அவர் தம் தலையின் பின்புறத் தோலில் உலோகத் தகடு பதித்து, ஒரு சிறு கேமராவைப் பொருத்திக்கொண்டார். அது நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்து அனுப்பும். ஆண்டவர் அளித்த உடலை இவ்வாறு துன்புறுத்துவதை நாம் பாராட்ட இயலாது. ஆயினும் அப்போது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. அவர் ஆசிரியராக இருந்த நியூயார்க் பல்கலைக்கழகத்தில், மாணவரின் அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி எழுந்தது. வளாகத்துக்குள் இருக்கையில் கேமராவை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறே கறுப்பு மூடி ஒன்றை அணிந்துகொண்டு அவர் பாடம் நடத்தினார். வசீரிஸ்தானத்துச் சிறுவனுக்கோ இப்படியொரு மூடியைக் கேட்டுப் பெறும் இடம் எதுவும் இல்லை.

இப்போது நிலைமை இன்னும் ஒரு படி கடந்துவிட்டது. பொத்தானை அழுத்தும் மனிதனையும் நீக்கிவிட்டு, இலக்கைக் கணினியே தேர்ந்துகொள்ளும் கருவிகளைப் பற்றி நாடுகள் பேசுகின்றன. 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் கூடிய ஏழு பெருநாட்டுத் தலைவர்களிடம் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரை எடுப்பது என்ற முடிவை எந்த இயந்திரத்துக்கும் ஒருபோதும் விடலாகாது என்று வலியுறுத்தினார். கிரீச் தளத்து இளைஞர் உறக்கமின்றித் தவிக்கிறார் என்றால், அங்கே தவிக்க ஒருவராவது இருக்கிறார் என்று பொருள். கணினி தவிக்காது.

முடிக்குமுன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாக்குதலில் மடிந்தோரைப் 'பூச்சி நசுங்கல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் டிரோன் இயக்குவோர் குறிப்பதாக ஒரு செய்தி வழங்கிற்று. 2014-ல் கலைஞர் குழு ஒன்று, பாகிஸ்தானின் கைபர் பக்தூன்குவா பகுதிக்குச் சென்றது. தாக்குதலில் பெற்றோரை இழந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு குழந்தையின் முகத்தை மிகப் பெரிய விரிப்பில் அச்சிட்டு, ஊரார் துணையுடன் வயல்வெளியில் விரித்தது. தரையில் நிற்பவனுக்கு அது வெறும் கருப்பும் வெள்ளையுமான புள்ளிகள். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு மட்டும், தன்னையே நோக்கும் இரண்டு கண்கள். கூடுமானவரை அங்கேயே கிடந்தபின், கூரை வேய்வதற்கும் பிற தேவைகளுக்கும் ஊரார் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, அதனை அவர்களிடமே விட்டுவந்தனர்.