சிறிய முதலும் பெரிய கடலும்

தொழில் நிலையங்களைப் பெரியன, சிறியன என இருவகையாகப் பகுத்துப் பேசுதல் உலக வழக்கு. பெரிய நிலையத்திற் பணிபுரிவோர்க்குப் பாதுகாப்பு மிகுதி, சிறிய நிலையத்திற் பணிபுரிவோர்க்கு உரிமை மிகுதி என்பர். இக்கூற்றை ஆராய்வதற்கு வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த இத்துறையில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒவ்வொரு பாய்க்கப்பலும் ஒரு சிறு கம்பனி போலவே இயங்கிற்று. உடையவர் முதலிட்டார், மேத்திரியார் கப்பலைக் கட்டினார், தண்டையல் அதனைச் செலுத்தினார், கடலோடிகள் பாயையும் கயிற்றையும் ஆண்டனர். இரங்கூனிலிருந்து அரிசியும் மரமும், இந்தியத் துறைகளிலிருந்து ஓடும் பிற பண்டங்களும் இக்கப்பல்களில் வந்தன.

இத்தகைய சிறு கூட்டத்திற் பணிபுரிவோன் அடைந்த முதல் நன்மை கல்வி. பெரிய நீராவிக் கப்பலில் உலைக்குக் கரி தள்ளுபவன் ஆண்டுகள் பல கழிந்தாலும் திசையறியும் கலையைக் கற்றல் அரிது. பாய்க்கப்பலிற் சமையலுக்கென ஏறிய சிறுவனோ, காற்று மாறும்பொழுது பாயிழுக்கவும், இரவில் விண்மீன் பார்க்கவும், சுக்கான் பிடிக்கவும் அழைக்கப்படுவான். ஆள் குறைவாதலின் எல்லோரும் எல்லாம் அறிதல் வேண்டும். இவ்வாறு கற்றவனே பின்னர்த் தண்டையலாக உயர்ந்தான்.

இரண்டாவது நன்மை மதிப்பு. உடையவரும் தொழிலாளரும் ஒரே ஊரினர். ஒரே கோயில் வீதியில் எதிர்ப்படுவோர். ஒருவனுடைய திறமை எவருடைய ஏட்டிலும் பதியப்படாவிடினும் ஊர் முழுவதும் அதனை அறியும்.

இத்திறமையின் அளவை உலகமும் ஒருமுறை கண்டது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் இருபாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் 1930களில் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். ஏறத்தாழ 90 அடி நீளமுடைய அக்கப்பலில் தம்பிப்பிள்ளைத் தண்டையலும் அவ்வூர்க் கடலோடிகளும் சென்றனர். அது சூயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. வங்கக் கடலிற் பயின்ற சிறு கூட்டத்தின் கல்வி எத்துணை ஆழமுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. பெரிய கம்பனியின் ஒரு கப்பல் மூழ்கினால் மற்றக் கப்பல்கள் அதன் நட்டத்தைத் தாங்கும். ஒரே கப்பலை உடையவர்க்கோ முதலும் தொழிலும் ஒரே பலகையின்மேல் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிற் புயலெழும். அக்காலத்திற் கப்பல் கரையில் ஓய்ந்திருந்தால் வருவாய் இல்லை, கடலில் இருந்தால் வீட்டிலுள்ளார்க்கு உறக்கம் இல்லை. நெருக்கமும் சிலவேளை சுமையாகும். உறவினரான முதலாளியிடம் கூலியைக் கணக்கிட்டுக் கேட்க நா எழாது.

இவற்றினும் பெரிய இடர், தம் கைக்கு எட்டாத இடத்திற் செய்யப்படும் முடிவுகளால் வந்தது. நீராவிக் கப்பல் சரக்கைப் பங்கிட்டுக் கொண்டது. 1942இல் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வணிகம் அற்றது. போருக்குப் பின்னர்ச் சுதந்திர நாடுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய கடல்வழிகளைச் சுருக்கின. கப்பலோட்டுவதில் எவரும் தவறவில்லை. எனினும் கப்பல்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. திறமை ஒன்றே ஒரு சிறு நிலையத்தைக் காக்கப் போதாது என்பதை இவ்வூரார் இவ்வாறு உணர்ந்தனர்.

ஆயினும் கப்பலோடு கல்வி அழிந்துவிடவில்லை. வல்வெட்டித்துறை இளைஞர் பலர் பிற்காலத்தில் அயல்நாட்டு வணிகக் கப்பல்களிற் சேர்ந்து கடற்றொழிலைத் தொடர்ந்தனர். சிறு நிலையத்திற் சேர விழையும் இளைஞர், அங்கே மாதந்தோறும் கைக்கு வருவது யாது என்பதோடு, நிலையம் நிலையாதொழியினும் தம்மோடு வருவது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அவ்வாறே சிறு நிலையத்தை நடத்துவோரும், தம் முதல் முழுவதையும் ஒரே மரத்தில் ஏற்றாமலும், உறவைக் காட்டிக் கூலியைக் குறைக்காமலும் இருப்பாராயின், அந்நிலையம் காற்று மாறும் காலத்திலும் ஆளிழந்து நில்லாது.