ஹெட்போனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் சாலையில் திருவிழாக் காலத்தில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை தேவையில்லை. ஊர் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலின் சித்திரைத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் வந்து இறங்குகிறவர் மைக் செட்காரர்தான்.

இவர்களில் பலர் ஒலி சாஸ்திரத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஆயினும் ஒரு விஷயத்தில் இவர்களை ஏமாற்ற முடியாது. எந்த ஆம்ப்ளிபயரின் எந்த முனையில் எத்தனை குழாய்களை மாட்டலாம் என்பது இவர்களுக்கு மனப்பாடம். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்றும், 70, 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கும். குழாயின் அடியில் உள்ள 'யூனிட்' பெரும்பாலும் 16 ஓம். இரண்டு யூனிட்டுகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 8 ஓம். நான்கைச் சேர்த்தால் 4 ஓம். அதற்கேற்ற முனையில்தான் மாட்ட வேண்டும். அடுத்த தெருக் கோடி வரை ஒயர் இழுப்பதானால் 100 வோல்ட் முனையும், குழாய்க்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மரும் வேண்டும். தவறி மாட்டினால் பாட்டுச் சுருதி குன்றும். அல்லது ஆம்ப்ளிபயர் சூடேறும். அல்லது யூனிட்டின் சுருள் கருகிப் போகும். அன்றைய வாடகை முழுவதும் ரிப்பேருக்குச் சரி!

இதே விவேகம் ஹெட்போன் வாங்குகிற இளைஞர்களிடம் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. மாதச் சம்பளத்தை விழுங்கக் கூடிய உயர்ந்த ரக ஹெட்போனைத் தபாலில் தருவித்து, கைபேசியில் செருகி, "இதற்கா இவ்வளவு விலை? சப்தமே எழும்பவில்லையே!" என்று விழிப்பவர்கள் உண்டு. இன்னொரு சாரார், அது தேவையே இல்லாத ஹெட்போனுக்கு அதைவிட அதிக விலையில் ஆம்ப்ளிபயர் வாங்கி வைத்துக்கொண்டு, முன்னைவிடப் பாட்டு இனிக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டுமே பொருத்தம் பார்க்காமல் செய்த கல்யாணங்கள்.

அடுப்பங்கரையில் பிறந்த கருவி

ஹெட்போனின் சரித்திரம் சுவாரசியமானது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டு அடுப்பங்கரையில் செய்த ஹெட்போன்களை 1910-ல் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். தந்திச் செய்தி கேட்பதற்குத்தான் அவை பயன்பட்டன. சங்கீதம் கேட்க ஸ்டீரியோ ஹெட்போன் வேண்டும் என்று 1958-ல் கிளம்பியவர் ஜான் காஸ். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி, காதை அடைக்காமல் காற்றோட்டமாக இருக்கும் 'திறந்த' ஹெட்போனை வெளியிட்டது. அதன் மின்மறுப்பு எவ்வளவு தெரியுமோ? 2,000 ஓம்! சோனி கம்பெனியின் வாக்மன் 1979-ல் வந்த பிறகு நிலைமை மாறியது. இரண்டு சிறு பாட்டரிகளில் ஓடும் பெட்டிக்கு ஏற்றாற்போல் ஹெட்போன்களின் ஓம் கணக்கு சரசரவென்று இறங்கிவிட்டது. இன்று 16 ஓம் முதல் 600 ஓம் வரை சந்தையில் கிடைக்கிறது. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஆனால் ஓம் மட்டும் வேறு என்று விற்கப்படுகிறவைகூட உண்டு. வாங்குகிறவர் திணறுவதில் ஆச்சரியம் என்ன?

லோயர் கேம்ப்பும் வயல் வாய்க்காலும்

பொருத்தம் பார்க்கப் பத்து அம்சங்கள் வேண்டாம். இரண்டு எண்கள் போதும். ஒன்று ஓம் கணக்கு. மற்றொன்று உணர்திறன்; அதாவது ஒரு மில்லிவாட் மின்சக்தி கொடுத்தால் எத்தனை டெசிபல் சப்தம் எழும் என்பது.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியே வந்து, ராட்சதக் குழாய்களில் செங்குத்தாக விழுந்து, லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. அங்கே வேலை செய்வது விழும் உயரம். அதே தண்ணீர் கூடலூர், கம்பம் வயல்களுக்கு வரும்போது உயரம் இல்லை. பாய்கிற அளவுதான் கணக்கு. மின்சாரத்தில் உயரம் போன்றது வோல்ட். பாயும் அளவு போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது சக்தி. அதிக ஓம் உள்ள ஹெட்போன் உயரத்தைக் கேட்கும். குறைந்த ஓமும் குறைந்த உணர்திறனும் உள்ளது பாய்ச்சலைக் கேட்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்ஹைசர் எச்.டி. 600 என்ற பிரசித்தமான ஹெட்போன் 300 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். வாத்திய கோஷ்டி ஓங்கி முழங்கும் கணத்தில் 110 டெசிபல் எழும்ப வேண்டுமானால் அதற்கு 20 மில்லிவாட், அதாவது சுமார் இரண்டரை வோல்ட் தேவை. ஆனால் மின்னோட்டம் 8 மில்லி ஆம்பியர் போதும். கைபேசிக்கான சிறு இணைப்பான்கள் பலவும் தருவது ஏறக்குறைய ஒரு வோல்ட். அதில் 102 டெசிபல் வரை எழும்பும். சாதாரண சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். மெல்லிய குரலில் பதிவான பழைய கச்சேரிக்குத்தான் போதாமல் போகும்.

ஹைபைமேன் சுந்தரா என்பது வேறு ஜாதி. காந்தங்களுக்கு நடுவே மெல்லிய தகடு ஒன்று அதிர்கிற 'பிளேனர்' வகை. 37 ஓம், 94 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு இது கேட்பது ஒன்றேகால் வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் மின்னோட்டமோ 33 மில்லி ஆம்பியர், முன்னதைப் போல் நான்கு மடங்கு! ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் உழைத்து வரும் சோனி எம்.டி.ஆர். 7506-க்கு இந்தத் தொல்லையே இல்லை. 63 ஓம், 106 டெசிபல். கைபேசியே காதைத் துளைத்துவிடும். அதற்கு ஆம்ப்ளிபயர் வாங்குவது, சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுவது போல.

ஆம்ப்ளிபயரின் சொந்த மின்மறுப்பு என்று ஒன்றும் இருக்கிறது. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அனுபவஸ்தர்களின் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். மீறினால் என்ன ஆகும்? எச்.டி. 600-ன் மின்மறுப்பு எல்லாச் சுருதியிலும் 300 ஓமாக நிற்பதில்லை; சுமார் 100 சைக்கிள் அருகே 500 ஓம் வரை ஏறுகிறது. 120 ஓம் மின்மறுப்புள்ள ஆம்ப்ளிபயரில் மாட்டினால், அந்தக் கீழ்ச் சுருதி மட்டும் ஒரு டெசிபல் அளவுக்குத் தூக்கலாகக் கேட்கும். வால்வு ஆம்ப்ளிபயர்களின் 'கதகதப்பு' என்று ரசிகர்கள் உருகுகிறார்களே, அதில் ஒரு பங்கு இந்த ஒரு டெசிபல்தான்! பிளேனர் வகையின் மின்மறுப்பு எங்கும் ஒரே அளவாக நிற்பதால் அதனிடம் இந்த ஜாலம் பலிக்காது.

பண்ணைப்புரத்துப் பாட்டை வைத்துப் பரீட்சை

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகப் போனவர், 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் தமிழகத்தின் மைக் செட்டுகளையெல்லாம் கைப்பற்றிக்கொண்டார். ஹெட்போன்களை ஒப்பிட இந்தப் பள்ளத்தாக்கினர் வெளிநாட்டு இசைத் தட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. வயலின்களின் கூட்டத்துக்கு அடியில் பேஸ் கிதார் தனி வழியில் நடக்கும். அந்த நடையைத் தொடர முடிகிறதா என்று பார்க்கலாம். 1988-ன் 'நத்திங் பட் விண்ட்' முழுக்க ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். ஊதுகிற மூச்சும் காதில் விழ வேண்டும். ஆனால் அது சீறலாகிவிடக் கூடாது. 2005-ன் 'திருவாசகம்' பெரிய வாத்திய கோஷ்டியும் பாடகர் குழுவும் சேர்ந்தது. நல்ல ஹெட்போனில் அவர்கள் வரிசையாக நிற்பார்கள். மட்டமானதில் சந்தைக் கூச்சலாகிவிடுவார்கள். 'அன்னக்கிளி' காலத்துப் பாட்டுகளில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒற்றைத் தடத்தில் பதிவானது எத்தனை விலை கொடுத்த ஹெட்போனிலும் நடுமண்டையில்தான் ஒலிக்கும். அது ஹெட்போனின் குற்றமல்ல. 1978-ல் வந்த 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கே பெயர் பெற்றவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் விளங்கும்.

இனி குணங்கள். எச்.டி. 600-ல் மனிதக் குரல் எதிரே உட்கார்ந்து பாடுவது போல் இயல்பாக வரும். உறுமியின் அடிவயிற்று முழக்கம் மட்டும் சற்றுக் குறையும். பேயர்டைனமிக் டி.டி. 990-ல் சலங்கையும் ஜால்ராவும் மின்னும். கூடவே 'ஸ', 'ஷ' எழுத்துக்கள் ஊசியாகும். பழைய நாடாவின் இரைச்சலும் முன்வரிசைக்கு வந்துவிடும். சுந்தராவில் உறுமியும் பேஸ் கிதாரும் கடைசிப் படி வரை இறங்கும். இவை மூன்றும் திறந்த வகை. திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போன்ற விசாலம் உண்டு. ஆனால் கேட்பவர் பாட்டு பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியும் கேட்பவர் காதுக்கு வரும். மூடிய வகையான 7506-ல் அந்த உபத்திரவம் குறைவு, விசாலமும் குறைவு. நாயனமும் தவிலும் அறைக்குள் வாசிப்பது போல் இருக்கும்.

காது செய்யும் மோசடி

ஒப்பிடும்போது பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டில் எது துளி உரக்க ஒலிக்கிறதோ, அதுதான் 'நன்றாக' இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லும். உரக்க இருக்கிறது என்று சொல்லாது. தெளிவாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லும்! சப்தம் ஏற ஏறக் கீழ்ச் சுருதிகள் காதுக்கு அதிகமாகப் புலப்படும் என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டனர்.

ஆகவே முதல் வேலை, சப்தத்தைச் சமமாக்குவது. இரண்டு ஆம்ப்ளிபயர்களை ஒப்பிட மைக் செட்காரரின் மல்டிமீட்டர் போதும். ஹெட்போனை மாட்டியபடியே, 100 சைக்கிள் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே ஏ.சி. வோல்ட் வரும்படி திருக வேண்டும். நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் இருந்தாலும் அது 0.1 டெசிபலைத் தாண்டாது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, வேறொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்க, எது எது என்று பத்து முறை சொல்லிப் பார்க்கலாம். ஒன்பதோ பத்தோ சரியானால் வித்தியாசம் நிஜம். குருட்டாம்போக்கில் அப்படி அமைவதற்கு நூறில் ஒரு வாய்ப்புத்தான். ஐந்து, ஆறு என்றால் ஆம்ப்ளிபயர் வாங்க வைத்த பணம் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். போதுமான வோல்ட்டும், குறைந்த மின்மறுப்பும் உள்ள இரண்டு நல்ல ஆம்ப்ளிபயர்களுக்குள் இந்தப் பரீட்சையில் வித்தியாசம் காண்பது மிக அபூர்வம்.

ஹெட்போன்களுக்குள் அப்படியல்ல. குழந்தைகூட வித்தியாசத்தைச் சொல்லிவிடும். ஆகவே பணத்தை அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம். அதிலும் விலையை நம்ப வேண்டாம். 283 ஹெட்போன்களை அளந்து 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் பத்திரிகையில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவற்றின் சுருதிச் சமநிலைக்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டது. காதில் மாட்டிப் பார்த்து வாங்குவதே மேல். போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூன் முதல் ரயில் வசதி இருக்கிறது. தப்பான ஹெட்போனில் வீணாகும் பணத்தை நினைத்தால் டிக்கெட் செலவு பெரிதல்ல.

பத்து மணிக்குப் பிறகு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குழாய்கள் ஒலிக்கலாகாது என்று 2000-ம் வருஷத்துச் சப்த மாசு விதிகள் சொல்கின்றன. ஊர் தூங்கலாம். ஹெட்போனுக்கு அப்படி விதி எதுவும் கிடையாது; விசைத் திருகில் இருக்கும் கைதான் போலீஸ். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்குள் கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 80-ல் 40 மணி என்றால் 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. மேலே சொன்ன 110 டெசிபல் ஒரு கணத்து முழக்கத்துக்கான இடைவெளியே தவிர, அந்த அளவில் கேட்பதற்கல்ல. உட்காதின் மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. யூனிட்டின் சுருள் கருகினால் தேனியில் புதிது கிடைக்கும்.

பஸ்ஸில் கேட்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ஜின் இரைச்சலை வெல்வதற்காகத் திருகை ஏற்றுகிறார்கள். சின்னமனூரில் பஸ் நின்ற பிறகும் இறக்க மறந்துவிடுகிறார்கள். பிரயாணத்துக்கு வேண்டியது பெரிய ஆம்ப்ளிபயர் அல்ல. காதை நன்றாக மூடுகிற ஹெட்போன். வெளி இரைச்சல் 15 டெசிபல் குறைந்தால், பாட்டையும் அந்த அளவு குறைத்தே கேட்கலாம். மெத்தை தேய்ந்துபோன ஹெட்போனில் இந்தப் பயன் பாதி போய்விடும். கீழ்ச் சுருதியும் ஓட்டை வழியே கசிந்துவிடும். புது மெத்தைகள் தனியாகவே விற்கின்றன. "ஹெட்போன் பழசாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும்" என்று எண்ணுகிறவர்கள் முதலில் அதை மாற்றிப் பார்க்கலாம்.