நூறு வருசம் பூட்டிய தாள்



2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தொகைமதிப்புக்காக உத்தியோகத்தர்கள் லயம் லயமாக வந்து போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காம்பராவில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, என்ன படிப்பு, என்ன தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். "இம்புட்டையும் கேட்டுக்கிட்டுப் போறாங்களே, இதை எங்க வைப்பாங்க? நாளைக்கு யாரு எடுத்துப் பார்ப்பா?" என்று கேட்காத லயம் இருக்காது.

நியாயமான கேள்விதான். நாட்டில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, தொழிலாளர் எத்தனை என்ற கூட்டுத்தொகை எல்லோருக்கும் உரியது. அதை அச்சிட்டு வெளியிடுவார்கள். ஒரு குடும்பத்தின் பெயரும் வயதும் உள்ள தாள் வேறு விஷயம். அதை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் நாட்டிலும் சட்டம். ஆனால் எத்தனை காலத்துக்குச் சொல்லக்கூடாது? எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடிய பிறகுமா? பேரப்பிள்ளை வந்து கேட்டால்? உலகத்தில் பல நாடுகள் இதில்தான் முட்டிக்கொள்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள அயர்லாந்து நாட்டின் கதையைப் பார்ப்போம். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உலகில் அதிகமாகத் தேநீர் குடிக்கிற சனங்களில் அவர்களும் சேர்த்தி. அதற்காக மட்டும் சொல்லவில்லை. அவர்களும் இங்கிலாந்தின் ஆட்சிக்குக் கீழ் இருந்தவர்கள். பஞ்சத்தில் அடிபட்டுக் கப்பலேறியவர்கள். கையில் பத்திரம் இல்லாமல் தவித்தவர்கள்.

1908இல் அங்கே முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 70 வயதான ஏழைகளுக்கு 1909 ஜனவரி முதல் கிழமைக்கு 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். ஆனால் 70 வயது என்று எப்படிக் காட்டுவது? எல்லாப் பிறப்பையும் பதிகிற வழக்கம் அயர்லாந்தில் 1864இல்தான் தொடங்கியது. பென்ஷன் கேட்டு வந்த கிழவன் கிழவிகளோ அதற்கு 25 வருசம் முந்திப் பிறந்தவர்கள். 1839 ஜனவரியில் அந்நாட்டில் ஒரு பெரும் புயல் அடித்தது. "அந்தப் புயல் ராத்திரி ஞாபகம் இருக்கா?" என்று அதிகாரிகள் கேட்பார்களாம். ஞாபகம் இருக்கிறது என்றால் வயது சரி! நம்ம பெரியவர்கள் "பெரிய வெள்ளம் வந்த வருசம் நான் கைப்பிள்ளை" என்று சொல்வது போலத்தான். புயலை ஞாபகம் வைத்திருந்தவர்கள் அந்த வருசம் திடீரென்று பெருகிப்போனார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அப்போது கைகொடுத்தது 1841, 1851ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்புத் தாள்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், அந்தக் காலத்தில் இருந்த ஊர் எல்லாம் எழுதி ஒரு விண்ணப்பம் போட வேண்டும். டப்ளின் நகரப் பதிவுக் காப்பகத்தில் உத்தியோகத்தர் அந்த ஊர்க் கட்டைப் பிரித்துத் தேடுவார். 'இன்னாரின் மகள், வயது 4' என்று 1841 தாளில் இருந்தால் அவளுக்குப் பென்ஷனுக்கு வழி பிறந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். தாள்களை ஊருக்கெல்லாம் விரித்துப் போடவில்லை. தேவைப்பட்டவருக்கு அவருடைய வரியை மட்டும் தேடிக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது பெரிய நட்டம். 1861, 1871 தாள்களைக் கூட்டுத்தொகை எடுத்தவுடனேயே அரசாங்கம் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 தாள்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் கூழாகப் போயின. மிச்சமிருந்த பழைய கட்டுகளில் பெரும்பகுதி 1922 ஜூனில், உள்நாட்டுச் சண்டையில் காப்பகம் வெடித்து எரிந்தபோது சாம்பலாயிற்று. ஒழுங்காகத் தப்பியவை 1901, 1911 இரண்டும்தான்.

வேறொன்றும் மிஞ்சாததால், அந்த இரண்டையும் 1961லேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வம்ச வரலாறு தேடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் 1911 தாளில் என்ன இருந்தது தெரியுமா? விவாகமான பெண்ணிடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, அதில் இப்போது இருப்பது எத்தனை என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் குருடர், ஊமை, சித்தசுவாதீனம் இல்லாதவர் உண்டா என்றும் ஒரு கட்டம். 1911இல் 25 வயதுத் தாய்க்கு 1961இல் 75 வயது. தான் புதைத்த பிள்ளைகளின் கணக்கை யாரோ முன்பின் தெரியாதவர் வாசிப்பதை அவள் உயிரோடு இருந்து பார்த்திருக்கலாம். சிறைச்சாலையிலும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலும் இருந்தவர்களின் பெயருக்குப் பதிலாக முதல் எழுத்தை மட்டும் எழுதியிருந்தார்கள். அந்தளவு மானத்தையாவது காப்பாற்றினார்கள்.

அடுத்த மதிப்பு 1926 ஏப்ரல் 18ஆம் திகதி நடந்தது. சுதந்திர அரசின் முதல் கணக்கு. 29 இலட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சம் பேர். உள்நாட்டுச் சண்டை முடிந்து மூன்று வருசம்கூட ஆகவில்லை. எவர் என்ன மதம், எவரிடம் வேலை என்று எழுதிக் கொடுக்க எத்தனை பேர் பயந்திருப்பார்கள்! அன்றைய சட்டத்தில் திறக்கும் நாள் என்று ஒன்று சொல்லப்படவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான் 100 வருசம் என்று வைத்தது. "எழுதினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சே, சீக்கிரம் திறங்க" என்று வம்ச வரலாற்றுக்காரர் கேட்டார்கள். உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்று 2011இல் வந்த அரசாங்கமும் அதைத் தன் திட்டத்தில் சேர்த்தது. புள்ளிவிபர அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கை ஒருமுறை மாற்றினால் அடுத்த தடவை சனங்கள் உண்மை சொல்ல மாட்டார்கள் என்ற பயம். கடைசியில் 100 வருசக் கணக்கே நின்றது; அது 2026 ஏப்ரல் 18இல் நிறைகிறது.

நம்ம கதையிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டவர்கள், விவாகமானால் 7 வருசம், ஆகாவிட்டால் 10 வருசம் இங்கே தொடர்ந்து வசித்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. காட்டப் பத்திரம் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. பெரும்பாலான மனுக்கள் தள்ளப்பட்டன. பழைய தாள் ஒன்று கைக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காதவர் யார்? மறுபக்கம், 1983 ஜூலையில் கொழும்பில் வீடு தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்று தப்பிப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பெயரும் விலாசமும் உள்ள தாள் யார் கையில் போகிறது என்பது நமக்கு வெறும் பேச்சல்ல.

ஆகவே என் மனதில் படுவது இது. தன் வரியைத் தானே கேட்டு வாங்குவது ஒரு உரிமை. அதற்கு 100 வருசம் காத்திருக்கச் சொல்வது அநியாயம். ஊரார் வரியை ஊரார் பார்ப்பது வேறு. அதற்கு 100 வருசம் அதிகமில்லை. 1909இல் டப்ளின் கிழவிகளுக்குச் செய்ததை எந்த நாடும் செய்யலாம்.

இன்னொரு விஷயம். டப்ளினில் போட்ட விண்ணப்பங்களிலும் எல்லாம் பலிக்கவில்லை. 'காணப்படவில்லை' என்று திரும்பியவையும் இருந்தன. ஊர்ப் பெயர் மாறினால் ஆள் கிடைக்க மாட்டார். ஈ.பி.எப். எடுக்கப் போய்ப் பெயரும் வயதும் பொருந்தாமல் அலைந்தவர்களுக்கு இது தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களின் தாய் தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், டிவிசன், அந்தக் காலத்துக் கங்காணி பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.