ஏழடிப்பட்டத்து எழுத்தும் நான்காவது பைட்டும்

புதுக்கோட்டை அருகே உள்ள சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பலர் அறிவர் கோயிலின் தாமரைக்குளத்து ஓவியத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேல் ஏறினால் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் ஊன்றிக் கடந்துபோனால் இயற்கையான குகைத்தளம், அதற்குள் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள். அவற்றில் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எருமை நாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக அந்த எழுத்து அங்கேயே இருக்கிறது.

அதே வரியை அதே எழுத்தில் ஒரு கணினித் தரவுத்தளத்தில் சேமிக்க முடியுமா? இன்று முடியும். 2010 வாக்கில், உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளத்தின் வழக்கமான அமைப்பில் முடியாது. இந்த மாற்றம் தானாக வரவில்லை. யாரோ குறை சொன்னார்கள், யாரோ திருத்தி எழுதினார்கள், யாரோ அதைப் படித்துக் கேள்வி கேட்டார்கள். அந்த உரையாடலில் தமிழுக்கு என்ன கிடைத்தது, நாம் எங்கே இருந்தோம் என்பதைப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில் அன்றைய நிலை. கல்வெட்டுகளைத் தொகுப்பதில் புதுக்கோட்டை சமஸ்தானம் முன்னோடி. 1929ஆம் ஆண்டிலேயே தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களை அரசமரபு வாரியாகப் பிரித்து நூலாக அச்சிட்டது. சோழர், பாண்டியர் என்று வரிசைப்படுத்தி எண் கொடுத்த அந்த நூலைத் தரவுத்தளம் என்றே சொல்லலாம். தேடுவதற்கு மட்டும் மனிதக் கண் வேண்டும்.

கணினி வந்தபோது அந்த ஒழுங்கு கொஞ்ச காலம் குலைந்தது. 1990களில் தமிழ் என்றால் எழுத்துரு என்றே பொருள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தால் திரையில் தமிழ் தெரியும், கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசையை அழுத்த வேண்டும். ஆகவே ‘சித்தன்னவாசல்’ என்ற சொல்லுக்குள் மூன்று அரைப்புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழியிலோ ஒரு கட்டளை முடிந்தது என்பதற்கு அடையாளமே அரைப்புள்ளி! மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. அரைப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டுகிற எளிய கருவி ஒன்றின் வழியே தகவலை ஏற்றினால், ஊர்ப் பெயர் நடுவிலேயே அறுந்துவிடும். வேறு எழுத்துருவில் அடித்தவருடைய தகவலோடு சேர்த்துத் தேட வழியே கிடையாது.

யூனிகோடு பரவியதும் விடிவு வந்தது என்று நினைத்தோம். தமிழ் எழுத்துகளுக்கு நிலையான எண்கள் கிடைத்தன. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘சித்தன்னவாசல்’ என்ற பெயரை எழுத்தெண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. கணினிக் கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 13 குறியீடு, 39 பைட்.

இங்கேதான் மைஎஸ்கியூஎல் கதை வருகிறது. சுவீடனில் 1995இல் பிறந்த இந்தத் தரவுத்தளம் இணையதளங்களின் அடித்தளமாகவே ஆகியிருந்தது. அதன் 4.1 பதிப்பை உருவாக்கிக்கொண்டிருந்த 2002 செப்டம்பரில் ஒரு சிறு திருத்தம் நிரலுக்குள் போனது. யுடிஎஃப்-8 இனி மூன்று பைட் வரை மட்டுமே என்றது அது. ஏன் என்பதற்கு அந்தத் திருத்தத்தோடு ஒரு விளக்கமும் எழுதி வைக்கப்படவில்லை. தமிழுக்கு மூன்று பைட் போதும் என்பதால் நமக்கு எதுவும் உறைக்கவில்லை. நான்கு பைட் கேட்கிற அரிய சீன எழுத்துகளும் பழைய உலக எழுத்துமுறைகளும் வெளியே நின்றன.

யூனிகோடு 6.0 வெளியான 2010 அக்டோபரில் பிராமி எழுத்துமுறைக்கு இடம் கிடைத்தது. அதன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் தேவை. ஏழடிப்பட்டத்து வரியைப் பிராமியில் உள்ளிட்டால், அன்றைய வழக்கமான அமைப்பில் மைஎஸ்கியூஎல் முதல் பிராமி எழுத்திலேயே நிறுத்திக்கொண்டு, பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிவு செய்யும். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? நான்கு பைட்டையும் ஏற்கும் புதிய வகை ஒன்று அதே 2010 மார்ச்சில், 5.5.3 பதிப்பில் வந்திருந்தது. ஆனால் அதைத் தேடிப்பிடித்து நாமே தேர்வு செய்ய வேண்டும். அதுவே இயல்பான தேர்வாக மாறியது 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான்.

அந்த மாற்றத்தை வேகப்படுத்தியவர்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள் அல்லர். பிராமி நுழைந்த அதே யூனிகோடு 6.0இல்தான் நூற்றுக்கணக்கான எமோஜிகளும் நுழைந்தன. கைப்பேசியிலிருந்து வந்த சிரித்த முகங்கள் சேமிக்கப்படாமல் போனபோது உலகம் முழுக்கக் குறை எழுந்தது. அந்தக் குறை தீர்ந்தபோது சமணத் துறவியின் கற்படுக்கை எழுத்துக்கும் சேர்த்து வழி திறந்தது. தமிழ் விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. உரையை எழுத்தாகச் சேமிக்காமல் வெறும் பைட் வரிசையாகவே சேமித்துக்கொண்டது. சித்தன்னவாசல் பற்றி விக்கியில் எழுதியவர்களுக்கு இந்தப் பின்கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் வளர்ந்தது. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் அது. 1994இல் இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் சேர்த்தார்கள். 1996இல் தன்னார்வலர்கள் கைக்கு வந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆனது. அதற்கு உரிமையாளர் என்று ஒரு நிறுவனம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தத்தை, அதாவது பேட்ச் ஒன்றை, முன்வைக்கலாம். மற்றவர்கள் படித்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, குறை சொல்வார்கள். நிரலுக்குள் சேர்க்கும் உரிமை பெற்ற சிலர் மட்டும் கடைசியில் அதைச் சேர்ப்பார்கள். ஒரு நல்ல யோசனை உள்ளே போக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவதும் உண்டு. இன்று ஆண்டுக்குச் சில முறை, நிலுவையில் இருக்கும் பேட்ச்களை எல்லாரும் சேர்ந்து படித்து முடிக்கவென்றே தனிக் காலம் ஒதுக்குகிறார்கள். சேர்ந்த ஒவ்வொரு திருத்தத்திலும் எழுதியவர் யார், பரிசோதித்தவர் யார், விவாதம் எங்கே நடந்தது என்று குறித்து வைக்கிறார்கள்.

இந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதற்குக் காரணம் அறிவர் கோயில் வாசலில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தையும் எடுப்பித்தார். யார் செய்தது, என்ன செய்தது, எந்தப் பாண்டியன் காலத்தில் என்பதெல்லாம் அங்கே பாட்டாகவே வெட்டப்பட்டிருக்கிறது. 1100 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தத் திருத்தத்துக்குப் பொறுப்பானவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. 2002இன் மூன்று பைட் முடிவுக்கு விளக்கம் தேடினால் கையில் கிடைப்பது ஒற்றை வரி.

சரி, போஸ்ட்கிரெஸின் அந்தத் திறந்த சபையில் தமிழ் எப்படி நுழைந்தது? ஜப்பானியருக்கு முதலிலேயே வழி கிடைத்தது. 1998 வாக்கிலேயே தட்சுவோ இஷீ என்ற ஜப்பானியர் பல பைட் எழுத்துகளுக்கான ஆதரவை எழுதிச் சேர்த்தார், ஏனென்றால் அவர் அங்கே இருந்தார். நான்கு பைட் ஆதரவு 2005இல், 8.1 பதிப்பில் வந்தது. சீன எழுத்துகளுக்கு முக்கியம் என்று வெளியீட்டுக் குறிப்பே சொன்னது. பிராமிக்கு எண் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பே போஸ்ட்கிரெஸில் அதற்கு இடம் தயாராக இருந்தது.

சேமிப்பது ஒன்று, தேடுவது வேறு. உரைத்தேடல் பகுதி மாஸ்கோவின் ஓலெக் பார்த்துனோவ், தியோடோர் சிகாயெவ் கையில் வளர்ந்து 2008இல் 8.3 பதிப்பின் உள்ளே வந்தது. அது சொற்களைப் பிரிக்கும் முறை எளிது. எழுத்து என்று கணினி ஒத்துக்கொள்வது வரும்வரை ஒரே சொல், வேறு எதுவும் குறுக்கிட்டால் சொல் முடிந்தது. நம்முடைய கொம்பும் காலும் புள்ளியும் அந்தக் கணக்கில் எழுத்தே இல்லை என்று ஆகிவிட்டால்? ‘சித்தன்னவாசல்’ உடைந்து ச, த, தன, னவ, சல என்று ஐந்து துண்டாகும். ஐந்தில் எதுவும் முழுச் சொல் அல்ல. பிறகு அந்தப் பகுதியின் நிரலுக்குள் ஒரு பட்டியல் சேர்ந்தது. இந்தக் குறிகள் எழுத்தல்ல, ஆனாலும் சொல்லை உடைக்காதே என்று சொல்லும் பட்டியல். தேவநாகரி, வங்காளம், தெலுங்கு என்று போகும் அந்த வரிசையில் நம் துணைக்காலிலிருந்து ஔகாரக் குறிவரை ஒவ்வொன்றும் யூனிகோடு எண்ணோடு நிற்கிறது. புள்ளியும் ஈகாரக் குறியும் அகலமில்லாத குறிகள் என்பதால் வேறொரு சோதனையில் தப்பிக்கின்றன. நிரலைத் திறந்து அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நன்றி உணர்வை மறைக்க மாட்டேன்.

வரிசைப்படுத்துவதிலும் இப்படி ஒரு நீண்ட வழக்கு. குறியீட்டு எண் வரிசையில் அடுக்கினால் ‘ன’ நகரத்தை அடுத்தே வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்ட ஊர்ப் பட்டியலில் அன்னவாசல் முன்னே, அம்மாசத்திரம் பின்னே என்று வரும். அகராதி வரிசை தெரிந்த யாருக்கும் கண்ணை உறுத்தும். இயங்குதளத்தின் வரிசை விதியை நம்பியிருந்தால் வேறு ஆபத்து. 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெரிதாக மாற்றியது. பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் புதிய விதியோடு பொருந்தாமல், இருக்கும் பதிவையே ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கின. இதைப் போஸ்ட்கிரெஸ் நிரலாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். ஏற்கெனவே 2017இல் 10ஆம் பதிப்பில், மொழிவாரி வரிசை விதிகளைத் தரும் ஐசியூ நூலகத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். 2022இல் ஒரு தரவுத்தளம் முழுமைக்குமே அதை விதியாக வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். 2024இல் 17ஆம் பதிப்பில், வெளி நூலகம் எதையும் நம்பாத சொந்த முறை ஒன்றையும் சேர்த்தார்கள். அந்தச் சொந்த முறை குறியீட்டு எண் வரிசையைத்தான் பின்பற்றும். அம்மாசத்திரம் முன்னே வர வேண்டும் என்றால் நாம் ஐசியூவின் தமிழ் விதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

2019 அக்டோபரில் வெளியான 12ஆம் பதிப்பு எனக்கு மிக நெருக்கமானது. அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழுக்கும் அடிச்சொல் காணும் வசதி அதில் வந்தது. ‘குகையில்’, ‘குகைக்கு’, ‘குகையிலிருந்து’ மூன்றையும் ஒரே சொல்லின் வடிவங்களாகக் காண முயலும் விதிகள் அவை. ஸ்னோபால் என்ற தனித் திட்டத்துக்காக ஒரு தமிழ் நிரலாளர் எழுதிக் கொடுத்தவை. அகராதி எதுவும் இல்லை, விகுதிகளையும் உருபுகளையும் உரித்துப் பார்க்கும் விதிகள் மட்டுமே. ஒருவர் செய்த வேலை உலகெங்கும் இருக்கும் போஸ்ட்கிரெஸுக்குள் போய்விட்டது.

இன்று இந்தியர்கள் அந்தச் சபையில் விருந்தாளிகள் அல்லர். நிரலில் நேரடியாகச் சேர்க்கும் உரிமை பெற்றவர்களில் அமித் கபிலா ஒருவர். ஒரு கேள்வியைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி, ஒரு தளத்தின் மாற்றங்களை இன்னொன்றுக்கு அனுப்பும் வசதி ஆகியவற்றில் அவர் பங்கு பெரிது. ஒவ்வொரு வெளியீட்டின் இறுதியிலும் வரும் நன்றிப் பட்டியலில் நம் பக்கத்தில் கேட்டுப் பழகிய பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. இங்கும் கற்கும் வழிகள் திறந்துள்ளன. சென்னையில் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கியது. 2012இல் வெளிவரத் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாக து.நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ கிடைத்தது. அன்னவாசல் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி தன் மொழியிலேயே தரவுத்தளத்தைக் கற்றுக்கொள்ள இன்று தடையில்லை.

ஆனாலும் தமிழ் எழுத்தை, தமிழ்ச் சொல்லை முன்வைத்து அங்கே நாம் வாதாடுவது அரிது. வேலைக்காக எழுதும் பேட்ச்களில் வேகமும் நம்பகமும்தான் பேசுபொருள், அது இயல்பே. 2021இல் யூனிகோடு 14.0 பழந்தமிழ்ப் பிராமிக்கென்று புள்ளியும் குறில் எகர ஒகரங்களும் ளகரமும் சேர ஆறு குறிகளைச் சேர்த்தது, விவரம் அறிந்தவர்கள் எழுதிக் கேட்டதால்தான் அதுவும் நடந்தது. தரவுத்தளத்தின் பக்கத்தில் அப்படிக் கேட்பவர்கள் போதவில்லை.

சிறிய உதாரணம் ஒன்று. 12ஆம் பதிப்பு வந்தபோது நேபாளி மொழிக்கு, தேடலில் ஒதுக்கிவிட வேண்டிய பொதுச் சொற்களின் பட்டியலும் சேர்ந்து வந்தது. தமிழுக்கு வரவில்லை. ‘ஒரு’, ‘இந்த’, ‘என்று’, ‘மற்றும்’ போன்றவற்றை ஒதுக்கலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ‘மேல்’ என்பதை ஒதுக்கினால் ‘மேல்மலை’ தேடுபவருக்குச் சிக்கல் வருமா? தனித்து நிற்கும் ‘உள்ளது’ போகட்டும், ‘உள்ள’ போகலாமா? கல்வெட்டுத் தொகுதிக்கென்றால் பட்டியல் இன்னும் மாறும். எண்ணற்ற சாசனங்களின் தலையில் நிற்கும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தேடலில் வைத்திருந்து பயனில்லை. ‘இவ்வூர்’, ‘இந்நிலம்’ இரண்டையும் விட்டுவிடலாமா என்பதைக் கல்வெட்டு படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் கல்லூரிகளிலும் அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நிரல் எழுதத் தெரிந்த இரண்டு மூன்று இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் பட்டியலை எழுதிவிடலாம். பேட்ச் அனுப்பிய பிறகு அங்கிருந்து கேள்விகள் வரும், அவற்றுக்கும் அவர்களே பதில் எழுத வேண்டியிருக்கும்.