உங்களுக்குத் தெரியுமா? கைக்கிற மருந்தும் துப்புகிற பிள்ளையும்

● இனிப்பை அறிய மனித நாக்கில் ஒரு வகை உணரிதான் உண்டு. கைப்பை அறியவோ ஏறத்தாழ 25 வகை. செடிகொடிகளின் நஞ்சு பெரும்பாலும் கைக்கும் என்பதால் உடம்பு போட்டு வைத்த காவல் இது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இந்தக் காவல் கடுமை. ஆகவே மருந்தைக் கண்டு வாயை இறுக்கி மூடும் பிள்ளையைக் குழப்படி என்று ஏசிப் பயனில்லை.

● 1999இல் இலங்கையில் 264,000க்கும் மேற்பட்டோருக்கு மலேரியாக் காய்ச்சல். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மோசமாக அடிபட்ட மாவட்டங்கள். அன்றைய மருந்து குளோரோகுயின் குளிசை. நொறுக்கினால் கைப்பு இன்னும் கூடும். இன்று வன்னியில் தாய் தகப்பனாக இருக்கும் பலருடைய நாக்கு அதை மறந்திராது. 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று இலங்கைக்குக் கிடைத்தது.

குளோரோகுயினுக்கும் முந்திய மலேரியா மருந்து கொயினா. நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல பூங்காவே 1861இல் கொயினா தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கியதுதான். அந்தக் கைப்பைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று, எச்சிலில் எளிதில் கரையாத ‘யூகுயினின்’ என்ற வடிவத்தைச் செய்தார்கள். கரையாதது நாக்குக்குத் தெரியாது. குடலில் போய் மருந்தாகும். நெருப்புக்காய்ச்சலுக்கான குளோரம்பெனிக்கோலையும் பிள்ளைகளுக்கு இதே வழியில்தான் பாணியாக்கினார்கள். சீனியை அள்ளிக் கொட்டுவதைவிட இது எவ்வளவு கெட்டித்தனம்!

● பரியாரியார் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருவாரே, அந்தத் தேனுக்குச் சித்த வைத்தியத்தில் அனுபானம் என்று பெயர். வன்னிக் காட்டுத் தேனுக்கு என்ன குறை? ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இருமலுக்குத் தனித் தேனே நல்லது. ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கி, தசைகளைச் சோர வைக்கும். மருத்துவ உலகமே இந்த நோயை 1976இல்தான் இனங்கண்டது. பிறந்த பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவ வரும் அப்பம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

● வயிற்றோட்டத்துக்கு ஜீவனி உப்புத்தூளைக் கரைக்கும்போது, பிள்ளை குடிக்கட்டும் என்று ஒரு கரண்டி சீனி கூடப் போடுபவர்கள் உண்டு. போடாதீர்கள். செறிவு கூடினால் குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து, வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். பைக்கற்றில் எழுதிய அளவு கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே. குளிர வைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினால் உப்புச்சுவை அவ்வளவு தெரியாது. சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி கொடுக்கலாம்.

● கிளரித்ரோமைசின் பாணியைத் தோடம்பழச் சாற்றோடு கொடுத்தால் கைப்பு கூடும். மருந்துத் துகள்களுக்கு மேலுள்ள பூச்சைப் புளிப்பு கரைத்துவிடுகிறது. பால்போத்தலில் எந்த மருந்தையும் கலப்பதும் வீண்வேலை: பாதிப் பாலோடு பிள்ளை நிறுத்தினால் உள்ளே போனது பாதி மருந்துதான். அடுத்த நாள் பாலையும் வேண்டாம் என்னும்.

● 1937இல் அமெரிக்காவில் சல்பா மருந்தை விழுங்க எளிதாக்கவென்று ராஸ்பெரி வாசனையோடு இனிப்புப் பாணியாக்கினார்கள். கரைக்கப் பயன்பட்ட டைஎதிலீன் கிளைக்கோல் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் இறுகியது. அதே நஞ்சு 2022இல் காம்பியாவில் பிள்ளைகளைக் கொன்றது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் அந்த நஞ்சு கலந்த இருமல் பாணியால் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள்; அந்தப் பாணி தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கடையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி இருமல் பாணி வாங்கும் பழக்கத்தை விடவேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

● காசநோய்க்கு முன்பெல்லாம் பெரியவர்களின் குளிசையை உடைத்து, குத்துமதிப்பாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில்தான் பிள்ளைகளின் நிறைக்கேற்ற, தண்ணீரில் கரையும், ஸ்ட்ரோபெரிச் சுவையுள்ள கூட்டுக்குளிசை அறிமுகமானது. பாணியைவிட இவ்வகைக் குளிசைக்கு ஒரு வசதி: பிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் கெடாமல் இருக்கும்.

● ‘ஒரு தேக்கரண்டி’ என்றால் 5 மில்லிலீற்றர். குசினிக் கரண்டியை நம்பாதீர்கள். ஒன்றில் 3 கொள்ளும், இன்னொன்றில் 7. பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கைப்பு நாக்கில் அவ்வளவு படாது. மூக்கைப் பொத்தித் தொண்டைக்குள் ஊற்றினால் மருந்து சுவாசக்குழாய்க்குள் இறங்கிவிடலாம்.